ஏழாவது கையெழுத்து

தம்பிக்கு, அக்கா எழுதிக்கொண்டது.

நான் நலம். நீ நலமாக இல்லை என்று உன் மனைவி சொல்கிறாள். அதனால் நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். போன் செய்தால் நீ தூங்குகிறாயாம். காலை பத்து மணிக்கும் தூக்கம், மாலை நாலு மணிக்கும் தூக்கம். இப்படித் தூங்குகிறவனுக்கு நெஞ்சுப் படபடப்பு எந்த வழியாக வந்தது என்று அந்த ஊர் டாக்டரைக் கேட்டுச் சொல். பரீட்சை நாளில் வயிற்று வலி என்று போர்வைக்குள் சுருண்டுகொள்வாயே, அந்த வலிதான் வயதாகி நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்போது போர்வையை உருவிக் காதைப் பிடித்துத் தூக்கினேன். இப்போது கை எட்டாத தூரத்தில், மாமனார் வீட்டில் போய்ப் படுத்திருக்கிறாய். போனில் தூங்குவதுபோல் நடிக்கலாம். கடிதம் அப்படியில்லை, பிரிக்கும்வரை மேசையிலேயே கிடக்கும்.

லாண்டரி நடக்கிறது. ஆஸ்பத்திரி வண்டி காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. உன் நாற்காலியில் உன் மைத்துனர் உட்கார்ந்திருக்கிறார். நீ இங்கே இருந்தபோதே மேனேஜர் என்று பட்டம் கட்டினாய், இப்போது நாற்காலியையும் கொடுத்துவிட்டுப் போனாய். அவர் வாயைத் திறந்து யாரையும் கூப்பிடுவதில்லை, விசில் அடிக்கிறார். ஒரு விசில் என்றால் துவைக்கும் பக்கம், இரண்டு விசில் என்றால் இஸ்திரி மேசை. முதல் நாள் தெருநாய் ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு வருவதில்லை. நாங்கள்தான் வருகிறோம். அவருக்கு இப்போது விசில் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பாய்லர் விஷயம் உனக்குத் தெரியாது என்று சொல்லிவிடாதே. ஆவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியே விடுவதற்கு ஒரு வால்வு இருக்கிறதல்லவா, அது தேய்ந்துபோய், தேவையில்லாதபோதும் திறந்துகொண்டு சீறியது. புது வால்வு வாங்கிப் போடச் சொல்லி பாய்லர்காரர் உன்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் பக்கத்தில் நின்றவள் நான். நீ பார்க்கலாம் என்றாய். விசில் அதைப் பார்த்தேவிட்டார். வால்வின் கைப்பிடியில் ஒரு பழைய கரி இஸ்திரிப் பெட்டியைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். பாரம் இழுத்துப் பிடித்ததால் வால்வு திறக்கவில்லை, சீறல் நின்றது. என்ன அறிவு, என்ன அறிவு! கொட்டாவி விடுகிறவன் வாயைத் தைத்துவிட்டால் தூக்கம் போய்விடும் என்று நினைக்கிற அறிவு. அது எந்தப் பெட்டி தெரியுமா? நாம் இரண்டு பேரும் ஒரு வாடகை அறையில் தொழில் தொடங்கினோமே, அந்தப் பெட்டி.

பாய்லர்காரர் "அந்தப் பெட்டிய எடுக்காம நான் பத்த வைக்க மாட்டேன். வெடிச்சா எனக்கு மட்டுமில்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற அக்காவுக்கும் சேத்துத்தான்" என்று சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது என் மேசை. விசில் அவரை மிரட்டினார். அன்று சாயங்காலமே துணி உலர்த்தும் முற்றத்தில் கூடிப் பேசினோம். ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்டால் பார்க்கலாம் என்கிறாய், சேர்ந்து கேட்டால்தான் காதில் விழும் என்று, சங்கம் பதிவு செய்ய விண்ணப்பம் எழுதினோம். எழுதியவர் துவைக்கும் டிரம் பக்கத்து வாத்தியார். அவர் பாடம் எடுத்ததே இல்லை, பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளைக்கூடக் கடைசி வரி வரைக்கும் படிப்பதால் அந்தப் பெயர். லாண்டரியில் வேலை செய்கிறவர்கள் ஏழு பேராவது கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும் என்று அவர்தான் சொன்னார். என்னைத் தவிர இருப்பது பன்னிரண்டு பேர். அதில் ஆறு பேர் போட்டார்கள். மீதி ஆறு பேர் விசிலின் கண்ணுக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஏழாவது கையெழுத்து என்னுடையது. இதை மற்றவர் வாயால் நீ கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் முதல் வேலையாக எழுதுகிறேன்.

மறுநாள் காலை பாய்லர்காரரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீ அன்று மாலை வண்டியில் ஊருக்குப் புறப்பட்டுவிட்டாய். பாய்லர்காரருக்குப் போன மழைக்காலத்தில் கை வெந்தபோது உன் நெஞ்சு படபடக்கவில்லை. சங்கம் என்று காதில் விழுந்ததும் படபடத்துவிட்டது. இப்போது பாய்லரைப் பற்ற வைப்பது நம் வண்டி ஓட்டும் டிரைவர். பெட்டி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

புதன்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அதற்கு முன்னால் நீ வந்து பெட்டியைக் கழற்றி, மனுஷனை உள்ளே கூப்பிட்டுவிட்டால் விசாரணையில் பேச ஒன்றும் இருக்காது. வருவாய் என்று எழுதத் தோன்றுகிறது. நம்பிக்கைதான் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா

*

தம்பிக்கு,

நீ வரவில்லை. உன் வக்கீல் வந்தார். கறுப்புக் கோட்டைத் துணி போர்த்தாமல் நேரடியாகச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்திருக்கிறார்கள், முதுகெல்லாம் பளபளவென்று இருந்தது. சொந்தக் கோட்டையே கவனிக்காதவர் உன் வழக்கை என்ன கவனிப்பார் என்று அலட்சியமாக உட்கார்ந்திருந்தேன். அது என் தவறு. கோட்டைப் பார்த்து ஆளை எடைபோட்டுவிட்டேன்.

விசாரித்த அதிகாரி ஒரு பெண். கடுமையான ஜலதோஷம், மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு பெயராகப் படித்தார். பாய்லர்காரர், வாத்தியார், என் மேசையில் கூட நிற்கும் நெட்டை, இன்னும் மூன்று பேர். அதுவரை சரி. ஏழாவதாக என் பெயர் வந்ததும் வக்கீல் எழுந்து, அந்த அம்மா தொழிலாளியே இல்லை, லாண்டரியின் பங்குதாரர், அதாவது முதலாளி, முதலாளி தொழிலாளர் சங்கத்தில் சேர முடியாது, ஆகவே இருப்பது ஆறு பேர்தான், விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று சொன்னார். நான் சிரித்துவிட்டேன். நெட்டையும் சிரித்தாள். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு பத்திரத்தை என் பக்கம் தள்ளி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்.

என் கையெழுத்துதான். பக்கத்திலேயே துணிக்குப் போடும் கஞ்சி பட்ட என் கட்டைவிரல் கறையும் இருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், நான் கையில் கஞ்சியோடு நிற்கும்போது நீ ஓடி வந்து "அக்கா, கரண்ட் கனெக்‌ஷனுக்கு, சட்டுனு ஒரு கையெழுத்து" என்றாய். கையைத் துடைக்கக்கூட நேரம் தரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒற்றை ஆள் நடத்தும் கடைக்கு ஒப்பந்தம் தரமாட்டார்கள், கூட்டு நிறுவனமாக இருக்க வேண்டும் என்று அப்போது விதி வைத்திருந்தார்களாம். கூட்டுக்கு ஆள் தேடியிருக்கிறாய். கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் கொடுத்திருப்பேனே. கேட்பதற்கு உனக்கு என்ன கேடு?

ஆக, பதினான்கு வருஷமாக நான் முதலாளி. கால் வீங்கி, நாற்காலி ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா என்று உன் அறை வாசலில் நின்றேனே, அப்போதும் முதலாளி. நின்றால்தான் வேலை ஓடும் என்று நீ சொன்னபோது, ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். பல் பிடுங்க ஒரு நாள் லீவு கேட்டு, அரை நாள்தான் கிடைத்து, வாயில் பஞ்சோடு வந்து தலையணை உறை தேய்த்தவளும் முதலாளிதான். உலகத்தில் வேறு எங்காவது இப்படி ஒரு முதலாளி உண்டா என்று தேடிப் பார்க்கச் சொல்லி உன் மைத்துனரை விசில் அடிக்கச் சொல்.

நெட்டை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நீ அனுப்பிய உளவாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளே தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டு வருஷமாக ஒரே மேசையில் விரிப்புக்கு இந்த முனை நான் பிடிப்பேன், அந்த முனை அவள் பிடிப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக உன்னை நான் சுலபத்தில் மன்னிக்க மாட்டேன்.

அதிகாரி பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்குள் ஏழாவது ஆள் கிடைத்தால் பதிவு, இல்லையென்றால் தள்ளுபடி. தள்ளுபடியானால் பாய்லர்காரருக்கு வாசலும் இல்லை, வால்வுக்கு விடுதலையும் இல்லை. டிரைவர் தீக்குச்சியைக் கிழிக்கும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் நானும் நெட்டையும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

பத்திரத்தின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டேன். பங்குதாரர் கேட்டால் மறுக்க முடியாதாம், உன் வக்கீலே எடுத்துக் கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே வாத்தியார் முழுவதையும் வாசித்தார். எனக்குப் புரியும்படி விளக்கமும் சொன்னார். ஒருத்தர் கடை என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். கம்பெனி என்று பதிவு செய்தால் கம்பெனியே தனி ஆள் மாதிரி, அதற்கென்று இயக்குநர்கள், தீர்மானம், கூட்டம் எல்லாம் வேண்டும், ஆளாளுக்குக் கையெழுத்துப் போட முடியாது. கூட்டு நிறுவனம் அப்படியில்லை. "இதுல பங்குதாரர் ஒருத்தர் தொழில் விஷயமா கையெழுத்துப் போட்டா, அது எல்லாப் பங்குதாரரையும் கட்டும்க்கா" என்றார். யாருக்கு அந்த அதிகாரம், யாருக்கு இல்லை என்று பத்திரத்திலேயே எழுதிவைப்பது வழக்கமாம். உன் பத்திரத்தில் அதற்கு ஐந்தாவது பத்தியில் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறது. கடையில் விற்கிற அச்சுப் படிவம். அந்தக் கோட்டை நீ நிரப்பவே இல்லை.

ஏன் நிரப்பவில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா ஒரு நாள் இதைப் படிப்பாள் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை வரை உன் பதிலுக்குக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் பங்குதாரராம்

*

தம்பிக்கு,

வெள்ளி போய்விட்டது. பதில் இல்லை. விசில் உனக்குப் போன் செய்து என்ன சொன்னாரோ தெரியாது. அவர் சொல்வதில் பாதி பொய், மீதி விசில். நடந்ததை நடந்தபடியே நான் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன் அறைக்குள் போனேன். விசில் என்னைப் பார்த்து இரண்டு முறை விசில் அடித்தார், இஸ்திரி மேசைக்குப் போ என்று அர்த்தம். நான் நகலை அவர் முன்னால் வைத்து, எழுந்திருங்கள், இது பங்குதாரர் உட்காரும் இடம் என்று சொன்னேன். அவர் எழுந்தார். நான் உட்காரவில்லை. பதினான்கு வருஷமாக நின்றே பழகியவள், நின்றபடியே எழுதினேன்.

லாண்டரி பெயர் அச்சடித்த தாளில் மூன்று கடிதம். முதலாவது, பாய்லர்காரர் அன்றே வேலைக்குத் திரும்பலாம் என்று. இரண்டாவது, அரசு பாய்லர் சோதனை அதிகாரி வந்து பார்த்துப் புது வால்வு பொருத்தும் வரை பாய்லர் பற்ற வைக்கக் கூடாது என்று. மூன்றாவது சுவரில் ஒட்டுவதற்கு: சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்காக இங்கே யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம். கீழே பங்குதாரர் என்று எழுதி, என் பெயர் போட்டு, உன் மேசை டிராயரில் இருந்த முத்திரையைக் குத்தினேன். இந்த முறை கையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

விசில் வக்கீலுக்குப் போன் செய்தார். வக்கீல் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "மேடம், கொஞ்சம் பொறுமையா இருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். விசாரணையில் அந்த அம்மா, இப்போது மேடம். நான் முதலாளி இல்லை என்று அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுங்கள், இப்போதே மூன்றையும் கிழித்துவிடுகிறேன் என்று சொன்னேன். எப்படிக் கொடுப்பார்? நான் முதலாளி இல்லையென்றால் ஏழாவது கையெழுத்து செல்லும். ஆஸ்பத்திரிக்குக் காட்டிய பத்திரமும் பொய்யென்று ஆகும். முதலாளிதான் என்றால் இந்த மூன்று கடிதமும் செல்லும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்றானாம் ஒருத்தன். ஓணான் நான்தான். குறை சொல்லாதே, எடுத்து விட்டவன் நீ.

பெட்டியை நானே கழற்றினேன். ஈரத் துணியைச் சுற்றிப் பிடித்தும் கை பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சோதனை அதிகாரி வந்தார். வால்வைப் பார்த்தார், கம்பி அறுத்த தடத்தைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் யார் நிற்பது என்று கேட்டார். நான் என்றேன். உடனே எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் பேசியிருந்தால்கூட இத்தனை பயம் வந்திருக்காது. இப்போது புது வால்வு போட்டாயிற்று. பாய்லர்காரர் தினமும் காலையில் அதை ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கிறார்.

சுவரில் கடிதம் ஒட்டிய அன்றே, தலையைக் குனிந்துகொண்டிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வந்துவிட்டார்கள். டிரைவர் மட்டும் உன் மைத்துனருக்காக யோசிக்கிறார், யோசிக்கட்டும். பதினொரு பேரோடு சங்கம் பதிவாகிவிட்டது. அதிகாரிக்கு ஜலதோஷமும் விட்டிருந்ததாம், வாத்தியார் சொன்னார். நான் போகவில்லை. நான் போகக்கூடாது.

இனி எழுதப் போவதை இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன்.

நான் மேசைக்கு வந்தால் நெட்டை எழுந்து நிற்கிறாள். பன்னிரண்டு வருஷமாக "ஏய், உன் முனைய இறுக்கிப் பிடி" என்று என்னை அதட்டியவள், இப்போது "நீங்க விடுங்க, நான் பாத்துக்குறேன்" என்கிறாள். கிண்டல் இல்லை, அதுதான் வலிக்கிறது. சாயங்காலம் டீ நேரத்தில் முற்றத்தில் சங்கம் கூடுகிறது. பழக்க தோஷத்தில் டம்ளரை எடுத்துக்கொண்டு நானும் போனேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் எப்போதும் கவிழ்த்துப் போட்டு உட்காரும் நீல வாளி அங்கேதான் இருந்தது. வாத்தியார் எழுந்து வந்து, கண்ணைப் பார்க்காமல், "அக்கா, சட்டப்படி முதலாளி இருக்கக்கூடாதுக்கா" என்றார். அவர் சொன்னது சரி. முதலாளி உட்கார்ந்திருக்கிற இடத்தில் யார் வாய் திறந்து பேசுவார்கள்? நான் பாய்லர் சுவருக்குப் பின்னால் நின்று டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். அவர்களுக்காக நான் போட்ட கையெழுத்துதான் என்னை அவர்களிடமிருந்து வெளியே தள்ளியது.

நீ தினமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக டீ குடிப்பாய். திமிர் என்று நினைத்திருந்தேன். இப்போதும் திமிர் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த டீ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு அதுவே பழகிப்போனதுதான் உன் வியாதி. நெஞ்சில் ஒன்றுமில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். மன்னிப்பு வேண்டாம். வந்தால் உன்னை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கவும் மாட்டேன், நாலு வார்த்தை தனியாகக் கேட்பேன், அது என் பாத்தியதை. அந்த மூன்று கடிதத்திலும் என் பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அங்கே நீ கையெழுத்துப் போடு. அப்புறம் கூட்டிலிருந்து என்னை விடுவித்துவிடு. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றால் உன் மனைவியைச் சேர்த்துக்கொள், கேட்டுவிட்டுச் சேர். எனக்கு முதலாளிப் பட்டம் வேண்டாம். பன்னிரண்டாவது ஆளாகச் சங்கத்தில் என் பெயர் வேண்டும். பதினான்கு வருஷமாக இங்கே வேலை செய்தவள் நான் என்று உன் கையால் ஒரு வரி எழுதிக் கொடு, போதும்.

பழைய பெட்டியைத் துடைத்து உன் மேசைமேல் வைத்திருக்கிறேன். காகிதம் பறக்காமல் இருக்கும்.

உனக்குப் படபடப்பு உண்மையாகவே இருந்தால் அது சீக்கிரம் நீங்கட்டும், நீ நூறு வயது இரு. இல்லையென்றால் போர்வையை நீயே விலக்கிக்கொள். நீல வாளியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. எழுந்திரு தம்பி, மணியாகிவிட்டது.

இப்படிக்கு,
இஸ்திரி மேசையிலிருந்து
உன் அக்கா